புது வீட்டுக்கு மிரண்ட குட்டி

கோணங்குளத்து அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் கடவுள் புத்தியைக் குறைத்துக் கொடுத்துவிட்டார் என்று ஊரில் சொல்வார்கள். அது தப்பு. கொடுத்ததை அவர்கள் தேயாமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். மூத்தவன் சொரிமுத்து, நடுவுள்ளவன் தளவாய், இளையவன் மாடக்கண்ணு. யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் வேறு ஜீவன் கிடையாது.

பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டிருந்த அக்கா வடிவு, தம்பிகளுக்கு ஒரு துணையாக இருக்கட்டுமே என்று பால்குடி மறந்த வெள்ளாட்டுக் குட்டி ஒன்றை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். இறக்கி விட்டதும் அது கால் நடுங்கச் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது.

"புது வீடுல்லா, மிரளத்தான் செய்யும்," என்றாள் வடிவு. "பழகுனா சரியாயிரும். அதுவரைக்கும் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிடுங்க. பெத்த தாய் மாதிரி இருக்கணும். வெள்ளிக்கிழமை வருவேன். குட்டி வாடிக் கெடந்துச்சுன்னா தூக்கிட்டுப் போயிருவேன், சொல்லிட்டேன்."

சொரிமுத்து குட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான். அவன் நீட்டிய விரலைக் குட்டி ஒருதரம் சப்பிப் பார்த்திருந்தது. அந்த ஒரு சப்பிலேயே அவன் அதற்கு அடிமையாகிவிட்டான்.

அக்கா தெருமுனை திரும்பியதும் மூவரும் கூடி உட்கார்ந்தார்கள்.

"கண்ணுக்குள்ள வைக்கச் சொல்லிருக்கா. யாரு கண்ணுல வைக்க?" என்றான் சொரிமுத்து.

"அண்ணன் கண்ணுதான் முட்டக்கண்ணு," என்றான் தளவாய்.

மாடக்கண்ணு குட்டியின் குளம்பை அண்ணன் கண்ணுக்கு நேரே பிடித்து அளந்து பார்த்தான். "ஒரு காலுகூட நுழையாது போலுக்கே."

வெகுநேரம் யோசித்தார்கள். தளவாய்க்குத்தான் வெளிச்சம் வந்தது. "ஏண்ணே, கோயில் கோபுரம் கிட்டப் போனா எம்புட்டுப் பெருசு? குளத்தங்கரையில நின்னு பாத்தா பெருவிரல் அளவுதானே? குட்டியும் அப்படித்தான் சிறுக்கும்."

வாசல் முருங்கையில் குட்டியைக் கட்டிவிட்டு, அதையே பார்த்தபடி பின்பக்கமாகவே நடந்தார்கள். தெருக்கோடியில் குட்டி பூனையானது. வயலுக்குள் இறங்கியதும் எலியானது. குளத்தங்கரை ஏறியபோது எள்ளாகிவிட்டது.

"உள்ள வந்துட்டு," என்றான் சொரிமுத்து மெதுவாக. "யாரும் இமைக்காதீங்கலே. வெளிய விழுந்துரும்."

பொழுது சாயும்வரை மூன்று பேரும் கண்ணில் நீர் வடிய நின்றார்கள். திரும்பி வந்து பார்த்தால், குட்டி கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போய்க் கிடந்தது. போட்ட குழையில் ஒரு இலையைக்கூடத் தொடவில்லை.

மறுநாள் தாயாக இருக்கவேண்டிய முறை. யார் தாய் என்பதில் சண்டை வரவில்லை. தாடி சொரிமுத்துவுக்குத்தான் இருந்தது. கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, கையும் காலும் ஊன்றி அவன் முற்றத்தில் நின்று ஒரு சத்தம் கொடுத்தான். குட்டி காதைத் தூக்கியது. தயங்கித் தயங்கி வந்து மோந்து பார்த்தது. பிறகு அவன் வயிற்றில் ஒரு முட்டு முட்டியது.

"பால் கேக்குது," என்றான் மாடக்கண்ணு.

"கறந்தாதானே வரும்?" என்றான் சொரிமுத்து.

"தின்னாதானே ஊறும்?" என்றான் தளவாய்.

இரண்டு பேரும் அகத்திக்குழையைக் கட்டுக்கட்டாக ஒடித்து வந்து அண்ணன் முன்னால் போட்டார்கள். சொரிமுத்து குனிந்து தின்றான். கசந்தது, குமட்டியது, ஆனாலும் குட்டியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தின்றான். சாயங்காலம் வரை பால் வரவில்லை. வந்தது வேறு. அதற்காக அவன் கொல்லைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தான்.

வியாழக்கிழமை காலை, வயிற்றில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவன் சட்டென்று எழுந்தான்.

"ஏலே, அக்கா என்ன சொன்னா? புது வீடு, அதான் மிரளுதுன்னாள்லா? போன தையிலதானே இந்த வீட்டைக் கட்டினோம். வீட்டைப் புதுசா வச்சுக்கிட்டுக் குட்டியக் குத்தம் சொன்னா எப்படி?"

தம்பிகளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"வீடு பழசாக அம்பது வருசம் ஆவுமேண்ணே. அக்கா நாளைக்கு வாராளே," என்றான் மாடக்கண்ணு.

"ஒரு ஆளு செஞ்சா அம்பது வருசம். மூணு பேரு கூடிச் செஞ்சா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்," என்றான் தளவாய்.

மூன்று பேரும் மாங்கு மாங்கென்று வேலை செய்தார்கள். சுண்ணாம்பைச் சுரண்டினார்கள், சுவரில் கரி பூசினார்கள், கதவைக் கழற்றிக் கோணலாகச் சாத்தினார்கள். தளவாய் கூரையில் ஏறி ஓடுகளை உடைத்தான். பாதி உடைத்தபோது மீதிக் கூரை தானாகவே பழசாகி, மேலே படர்ந்திருந்த பீர்க்கங்கொடியோடும் தளவாயோடும் உள்ளே இறங்கியது.

புழுதி அடங்கியதும் தளவாய் உடம்பை உதறிக்கொண்டு வெளியே வந்தான். முற்றத்தில் நின்ற குட்டி உள்ளே எட்டிப் பார்த்தது. பீர்க்கிலையில் ஒன்றைக் கடித்தது. பிறகு இடிபாட்டு மேட்டில் துள்ளி ஏறி, உச்சியில் நின்று ஒரு குரல் கொடுத்து, வயிறு முட்டத் தின்றுவிட்டு அங்கேயே படுத்து அசைபோட்டது. சொரிமுத்து துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம்தான் மூவரும் உள்ளே போனார்கள். கூரை இருந்த இடத்தில் வானம் இருந்தது. சுவர் எல்லாம் கறுப்பு. தெரிந்த பொருள் ஒன்றுகூட இல்லை. மாடக்கண்ணு சுவரோரமாக ஒதுங்கி நடுங்கினான்.

"அண்ணே, இது யாரு வீடு? எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"நமக்கு இது புதுசுல்லா, மிரளத்தான் செய்யும்," என்றான் சொரிமுத்து. அவன் குட்டியின் கயிற்றைத் தேடி எடுத்தான். "மிரண்டு எங்கயாவது ஓடிட்டா அக்கா யாரைன்னு தேடுவா? பழகுற வரைக்கும் கட்டித்தான் கெடக்கணும்."

வெள்ளிக்கிழமை வடிவு வந்தாள். குட்டி கொழுகொழுவென்று மேட்டின்மேல் நின்றது. கீழே தம்பிகள் மூன்று பேரும் காலில் கயிற்றோடு ஒரே முளையில் கட்டிக் கிடந்தார்கள்.  அவள் குனிந்து சொரிமுத்துவின் முடிச்சில் கை வைத்தாள்.

"அவுக்காதக்கா," என்றான் அவன். "ஓடிருவோம்."

"எங்கலே ஓடுவீங்க?"



"அது தெரியாதுக்கா," என்றான் சொரிமுத்து. "கட்டிக் கெடக்கறதால இன்னும் ஓடிப் பாக்கல."