நாணல் மறைவுக்குப் போன குதிரை

பனி மூடிய குளக்கரை ஒன்றில் குதிரைக் கூட்டம் வாழ்ந்தது. காலையில் அங்கே தரையே தெரியாது. குதிரைகள் நடந்தால் மிதந்து வருவதுபோல் இருக்கும். தாங்கள் குடிப்பது நீரா, வானமா என்று அவற்றுக்கே குழப்பம்தான்.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் புங்க மரத்தடியில்தான் லத்தி போட வேண்டும். லத்தியிலிருந்து வயிற்றுப் பூச்சி புல்லுக்கு ஏறும் என்பதால் அங்கே யாரும் மேய மாட்டார்கள். சிலுப்பி என்ற காட்டுக்கோழி வந்து அதைக் கிளறிப் பார்ப்பாள். யார் வயிற்றில் பூச்சி இருக்கிறதோ, அந்தக் குதிரை மட்டும் மருந்தாகக் கசப்பு இலை தின்னும்.

தலைவன் முகிலனுக்கு இது பிடிக்கவே இல்லை. அவன் உடம்பு அப்படி மினுமினுக்கும்!

"போயும் போயும் ஒரு கோழி என் லத்தியைக் கிளறுவதா? மானம் போகிறது! பேசாமல் எல்லோரும் மாதாமாதம் இலையைத் தின்றுவிடலாம்!" என்றான்.

"தேவையில்லாமல் தின்றால் பூச்சிக்கு மருந்து பழகிப்போகும், ராசா! அப்புறம் உயிர் போகிற நேரத்தில் இலைக்குக் கேட்காது," என்றாள் சிலுப்பி. "பூச்சி என்ன, ஆளின் பளபளப்பைப் பார்த்தா வருகிறது?"

முகிலன் முறைத்துக்கொண்டு போனான். மறுநாள் முதல் பனியோடு பனியாக நழுவினான். அக்கரையில் நாணல் மறைவில் வேலையை முடித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் திரும்பி வந்தான். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு!

மழைக்காலம் போனது. ஒருநாள் செவந்தி என்ற தாய்க்குதிரை அலறிக்கொண்டு வந்தாள்.

"சிலுப்பி! என் குட்டி எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறான்!"

குட்டி துளிரன் வயிறு உப்பிக் கிடந்தான். சிலுப்பி அவன் லத்தியைக் கிளறினாள்.

"ஐயோ, இத்தனை பூச்சியா! இவன் எங்கே மேய்ந்தான்?"

துளிரன் கனவில் பேசுவதுபோல் முணுமுணுத்தான்.

"அக்கரை நாணல் பக்கம்... பெரியப்பா பனியில் அங்கேதான் போவார். நானும் பின்னாலேயே போவேன். அந்தப் புல்லைத் தின்றால் அவரைப்போல மினுமினுக்கலாம் இல்லையா?"

எல்லோரும் முகிலனைப் பார்த்தார்கள். அவன் முன்னால் வந்தான்.

"அங்கே கிடப்பது என் லத்திதான்," என்றான். "சிலுப்பி, வா! எல்லோர் முன்னாலும் கிளறு!"

கிளறியதில், கூட்டத்திலேயே அதிகப் பூச்சி அவன் வயிற்றில்தான் இருந்தது. முகிலன் ஓடிப்போய் வாய் நிறையக் கசப்பு இலை பறித்து வந்தான். பாதியைக் குட்டியின் முன்னால் வைத்தான்.

"கசக்கிறது, பெரியப்பா!"

"எனக்கும் கசக்கிறது, கண்ணு! தின்னு!"

அந்த இலையைக் கண்டபடி தின்று பாழாக்கியிராததால் மருந்து வேலை செய்தது. சில நாட்களில் துளிரன் தள்ளாடி எழுந்து நின்று, அம்மாவின் மடியைத் தேடினான். முகிலன் வாய்விட்டு அழுதான்.

மானத்துக்கு அஞ்சித் தன் நோயை மறைப்பவன், தன்னை நம்பிப் பின்னால் வருபவருக்கே அதைக் கொடுத்துவிடுகிறான்.