மயிற்பீலி வாங்கிய கீரி

மேலக்காட்டில் விசுக்கன் என்றொரு கீரி இருந்தான். குன்றடியில் ஒரு புல்வெளி. அதுதான் அந்தக் காட்டுக் குட்டிகளுக்கெல்லாம் பள்ளிக்கூடம். அங்கே பாடம் நடந்ததோ இல்லையோ, விளங்காய் ஆட்டம் தவறாமல் நடந்தது.

ஆட்டம் இதுதான். வெளியின் இரண்டு கோடியிலும் ஒவ்வொரு மரம். ஒரு விளங்காயை உருட்டிக்கொண்டு போய் எதிரணியின் மரத்தில் முட்டவைக்க வேண்டும். குறுக்கே விழுந்து தடுக்கலாம். மேலே ஏறி உட்காரலாம். கடிக்கக் கூடாது, கொம்பை நீட்டக் கூடாது. மற்றதெல்லாம் நியாயம்தான்.

விசுக்கன் இந்த ஆட்டத்தில் புலி. கீரியைப் புலி என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் காடே அப்படித்தான் சொன்னது. அவன் மூக்கில் விளங்காய் பட்டால் போதும், அடுத்த நிமிஷம் அது எதிரணி மரத்தில் 'டொக்'கென்று மோதியிருக்கும்.

வருஷக் கடைசியில் சிறந்த ஆட்டக்காரனுக்கு ஒரு மயிற்பீலி தருவார்கள். அதை வாலில் கட்டிக்கொண்டு திரியலாம். யாருக்குப் பீலி என்று தீர்மானிப்பவை கிளிகள். இலவ மரத்து உச்சியில் உட்கார்ந்து அவை ஆட்டம் பார்க்கும். விளங்காய் போகும் பக்கம் கிளிகளின் கண்ணும் போகும். விளங்காய் இல்லாத இடத்தில் யார் விழுந்தார், யார் எழுந்தார் என்பதெல்லாம் அவற்றுக்குக் கவலையில்லை.

அந்த வருஷம் கிளிகள் ஒரே குரலில் கத்தின. "பீலி கீரிக்கே!"

அதற்குப் பிறகு விசுக்கனைக் கையில் பிடிக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கப் போனாலும் முன்பக்கம் குடித்துவிட்டுப் பின்பக்கம் திரும்பி, வால் தண்ணீரில் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டான்.

மேலக்காட்டுப் பெரிய அணிக்கு ஆள் பொறுக்குகிறவர் நரியார். ஒவ்வொரு கோடைக்கும் முன்னால் மேலக்காடும் கீழக்காடும் மோதும். இரண்டு காட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே மடு. ஜெயித்த காடு கோடை முழுவதும் முதலில் தண்ணீர் குடிக்கும். தோற்ற காடு அப்புறம்தான் இறங்க வேண்டும். அதற்குள் எல்லாரும் இறங்கிக் கலக்கி, மிஞ்சுவது சேறுதான். போன வருஷம் மேலக்காடு தோற்றுப்போனது. விசுக்கனின் கடைக்குட்டித் தங்கை அந்தச் சேற்றைக் குடித்துவிட்டு, கோடை முழுக்க வயிற்றைச் சுருட்டிக்கொண்டு வளைக்குள் கிடந்தாள். பிழைப்பாளா மாட்டாளா என்று அம்மா தூங்காமல் உட்கார்ந்திருந்ததை விசுக்கன் மறக்கவில்லை.

பீலி விஷயம் காதில் விழுந்ததும் நரியார் ஓட்டமாக ஓடி வந்தார்.

"தம்பி, உன் வாலைக் கொஞ்சம் காட்டு. ஆகா! போன வருஷமே நீ இருந்திருந்தால் நாங்கள் சேறு குடித்திருப்போமா? வா, நம்ம அணிக்கு வா."

"வரேன் அண்ணே. என் தங்கச்சிக்காகவாவது வரேன்."

"உன்னோடு ஆடினவர்கள் வேறு யாராவது தேறுவார்களா?"

விசுக்கன் திரும்பிப் பார்த்தான். கொஞ்ச தூரத்தில் மொத்தையன் நின்றுகொண்டிருந்தான். மொத்தையன் ஒரு காட்டுப்பன்றி. விசுக்கனோடு ஒன்றாய்ப் படித்தவன். முகமெல்லாம் மண், வாயில் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"அந்தப் பன்றியா? விளங்காயை ஒரு தடவையாவது தொட்டிருக்கிறானா?" என்று கேட்டார் நரியார்.

விசுக்கன் யோசித்தான். உண்மையில் தொட்டதில்லை.

"இல்லை அண்ணே. நான் ஒருத்தனே போதும்."

ஆட்ட நாள் வந்தது. மடுவுக்குப் பக்கத்துப் பொட்டலில் இரண்டு காடும் கூடியிருந்தன. எதிரே கீழக்காட்டு அணி. முன்னால் ஒரு கரடி, பக்கத்தில் ஒரு கடமான், பின்னால் இன்னும் சிலர். விசுக்கன் பீலியை ஒரு முறை சிலுப்பிக்கொண்டான். விளங்காய் அவன் மூக்குக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஓடியது போலவே நேராக ஓடினான்.

அங்கே நேராக ஓடினால் வழி இருந்தது. இங்கே நேராக ஓடினால் கரடி இருந்தது.

கரடி ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. உட்கார்ந்தது, அவ்வளவுதான். அது எழுந்தபோது விசுக்கன் தோசை மாதிரிக் கிடந்தான்.

மறுபடி எழுந்து ஓடினான். மறுபடி கரடி உட்கார்ந்தது. இடப்பக்கம் ஓடிப் பார்த்தான். அங்கே கடமானின் கால்கள் வேலி போல நின்றன. இதற்குள் கீழக்காட்டார் விளங்காயைக் கொண்டுபோய் மேலக்காட்டு மரத்தில் ஒரு முறை முட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு முறையும் முட்டினார்கள்.

"ஓணான் பிடிச்சவனெல்லாம் உடும்பு பிடிக்க வந்துட்டாண்டா!" என்று மரத்தின் மேலிருந்து ஒரு குரங்கு கத்தியது. கீழக்காடே சிரித்தது. மேலக்காட்டிலும் சிலர் சிரித்தார்கள். அதுதான் விசுக்கனுக்கு அதிகம் வலித்தது.

பாதி ஆட்டம் முடிந்து இளைப்பாறும் நேரத்தில் நரியார் வந்தார். இப்போது அவர் வாயில் 'தம்பி' வரவில்லை.

"இதோ பார். மறுபாதியிலும் இப்படித்தான் என்றால் பீலியை அவிழ்த்து வைத்துவிட்டு வீட்டைப் பார்த்துப் போ. எல்லாரும் என்னைத்தான் கேட்கிறார்கள். நானா உன்னைப் பொறுக்கினேன்? கிளிகள் பொறுக்கின."

விசுக்கன் ஒரு புதரடியில் போய் உட்கார்ந்தான். கூட்டத்தில் அம்மாவின் மடியில் தங்கை தலை தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கோடையும் அவளுக்குச் சேறுதானா?

'என் கால் அதே கால். என் மூக்கு அதே மூக்கு. அங்கே மட்டும் எப்படி வழி இருந்தது?'

கண்ணை மூடி, பள்ளிக்கூடத்து ஓட்டத்தை நினைத்துப் பார்த்தான். நினைக்க நினைக்க ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொரு ஓட்டத்திலும் அவன் கண்ணுக்கு முன்னால் ஒரு பின்பக்கம் ஆடிக்கொண்டே போகும். கொழுத்த பின்பக்கம். அதில் மண் அப்பிய ஒரு குட்டி வால்.

விசுக்கன் துள்ளி எழுந்து கூட்டத்துக்குள் ஓடினான். மொத்தையன் ஓரமாக உட்கார்ந்து வேரைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"மொத்தை, பள்ளிக்கூடத்துல எனக்கு முன்னால ஓடினது நீதானேடா?"

"ஆமா."

"எனக்கு வழி பண்ணிக் கொடுக்கத்தானே ஓடினே?"

"உனக்கா?" மொத்தையன் மெல்லுவதை நிறுத்தினான். "உனக்கு நான் எதுக்குடா வழி பண்ணணும்? அந்தக் கோடி மரத்தடியில வள்ளிக்கிழங்கு இருந்துச்சு. ஆட்டம் நடக்கறப்போதான் வாத்தியார் என்னைப் பாக்க மாட்டாரு. அதான் அப்பல்லாம் ஓடுவேன். குறுக்கே நின்னவன் விழுந்தா நான் என்ன செய்ய?"

விசுக்கனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. வாலில் கட்டிக்கொண்டு திரிந்த பெருமையில் பாதி, ஒரு கிழங்குக்குச் சேர வேண்டியது!

"சரி, இப்ப எனக்காக ஓடுவியா?"

"இங்கே கீழக்காட்டு மரத்தடியில கிழங்கு இருக்கா?"

இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மொத்தையன் பாய்ந்துவிடுவான். விசுக்கனின் நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்துவிட்டது. ஆனால் போய்த் தோண்டிப் பார்த்துக் கிழங்கு இல்லையென்றால் மறுபடி ஓடுவானா? பொய்க்கு ஒரு ஓட்டம்தான் கிடைக்கும். விசுக்கனுக்கு மூன்று வேண்டும்.

"அங்கே இல்லைடா. ஆனா எங்க வளைக்கு மேல ஒரு வள்ளிக்கொடி படர்ந்திருக்கே, அதுக்கடியில இருக்கு. ஜெயிச்சா அது உனக்கு."

மொத்தையனின் காது நிமிர்ந்தது. "அதைத் தோண்டினா உங்க வளை இடிஞ்சிடுமே!"

"இடியட்டும்."

"உங்கம்மா?"

"அம்மாகிட்ட நான் பேசிக்கறேன்," என்றான் விசுக்கன். இதைச் சொல்லும்போது அவன் குரல் நடுங்கியது. கரடியால்கூட அவனை அப்படி நடுங்கவைக்க முடியவில்லை.

பன்றியோடு வந்து நின்ற விசுக்கனைப் பார்த்து நரியார் முகம் சுளித்தார். "பீலியும் இல்லாத இவனை இறக்குவதா? நாலு பேர் என்ன சொல்வார்கள்?"

"இவன் இறங்கலேன்னா நானும் இறங்க மாட்டேன் அண்ணே."

நரியார் தாடையைச் சொறிந்தார். "சரி. தோற்றால் இது உன் யோசனை என்று சொல்லிவிடுவேன்."

"ஜெயிச்சா?"

"ஜெயித்தால் என் யோசனை என்று சொல்லிவிடுவேன்."

மறுபாதி தொடங்கியது. மொத்தையன் கிழங்கை நினைத்துக்கொண்டு கிளம்பினான். கரடி வழக்கம்போல உட்காரப் பார்த்தது. உட்காரும் இடத்தில் பன்றி இருந்தது. பன்றி நிற்கவில்லை. கரடி தன் வாழ்நாளில் முதல் தடவையாகக் குட்டிக்கரணம் போட்டது. திறந்த வழியில் விசுக்கன் விளங்காயோடு பாய்ந்தான். 'டொக்!'

அடுத்த முறை கரடியும் கடமானும் சேர்ந்து மொத்தையன் மேல் விழுந்தார்கள். அந்த நெரிசலில் கடமானின் வயிற்றுக்கடியில் ஒரு சந்து தெரிந்தது. அந்தச் சந்தில் புகுவதற்குக் கீரிதான் வேண்டும். விசுக்கன் புகுந்தான். மறுபடி 'டொக்!' பீலியைக் கிளிகள் சும்மா ஒன்றும் கொடுத்துவிடவில்லை என்று மேலக்காட்டார் இப்போது ஒத்துக்கொண்டார்கள்.

இரண்டுக்கு இரண்டு. பொழுது சாயப் போகிறது. இன்னும் ஒரு ஓட்டம்தான்.

பாதி தூரத்தில் மொத்தையன் நின்றுவிட்டான். "மூச்சு வாங்குதுடா. இனி கிழங்கை வாயில ஊட்டினாலும் என்னால முடியாது."

எதிரே கரடி வந்துகொண்டிருந்தது. விசுக்கன் விளங்காயைப் பார்த்தான், கரடியைப் பார்த்தான். பிறகு, பள்ளிக்கூடத்திலும் செய்யாத ஒன்றைச் செய்தான். விளங்காயை மொத்தையனின் மூக்கடியில் தள்ளிவிட்டு, வெறும் மூக்கோடு முன்னால் ஓடினான்.

"மெதுவா உருட்டிட்டு வா. முன்னால நான் போறேன்!"

கரடி தயங்கியது. விளங்காய் எங்கே, கீரி எங்கே? அது கீழே குனிந்து தேடும்போது விசுக்கன் அதன் கால்களுக்கிடையே புகுந்து இப்படியும் அப்படியும் சுற்றினான். கரடிக்குத் தன் கால் எது, கீரி எது என்று புரியவில்லை. தடுமாறிக் கடமானின் மேல் சாய்ந்தது. இரண்டும் சேர்ந்து மண்ணைக் கவ்வின. மொத்தையன் இரைக்க இரைக்க, வேண்டா வெறுப்பாக, விளங்காயை மூக்கால் தள்ளிக்கொண்டே வந்து மரத்தில் முட்டினான்.

மேலக்காடு போட்ட கூச்சலில் மடுவே அதிர்ந்தது. நரியார் கூட்டத்தின் நடுவில் நின்று, "என் யோசனை!" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சொன்ன சொல் தவறாமல், மறுநாள் காலையில் விசுக்கனே மொத்தையனைக் கூட்டிப் போய்க் கொடியைக் காட்டினான். கிழங்கு வெளியே வந்தது, வளை உள்ளே போனது. அம்மா இருவரையும் வாய் ஓயும்வரை திட்டினாள். பிறகு மூட்டை முடிச்சோடு பக்கத்துக் கறையான் புற்றுக்குக் குடிபோனார்கள். அன்று மத்தியானம் எல்லாரும் மடுவுக்குப் போனார்கள். தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. தங்கை வயிறு முட்டக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குடித்தாள். விசுக்கன் தன் வாலைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கோடை நெருங்கியது. நரியார் அவசர அவசரமாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்.

"எங்கே அண்ணே?" என்று கேட்டான் விசுக்கன்.

"இந்த வருஷம் பீலி ஒரு முயலுக்காம். என்ன ஓட்டம் என்கிறாய்! வேறு யாராவது கொத்திக்கொண்டு போவதற்குள் கூட்டி வந்துவிடுகிறேன்."

"கூட்டிட்டு வாங்க. நல்லா ஓடறவனாத்தான் இருப்பான். ஆனா அவனுக்கு முன்னால யாரு ஓடினது, எதுக்காக ஓடினதுன்னும் கேட்டு, அந்த ஆளையும் சேத்துக் கூட்டிட்டு வாங்க."

"அதெல்லாம் யாரைக் கேட்பது? கிளிகளுக்குத் தெரியாதே."

"கீழே இறங்கி, மண்ணுல நடந்து போய்த்தான் கேக்கணும் அண்ணே," என்றான் விசுக்கன்.

ஒருவன் வாங்கிய பரிசு அவன் ஓடிய ஓட்டத்தைச் சொல்லும், அவனுக்கு வழி திறந்தவரைச் சொல்லாது. அவரை அறியாமல் பெரிய களத்தில் இறங்குகிறவன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் மண்ணைக் கவ்வுவான்.