வாடைக்குத் தெரியாத ஒரு சொல்

சத்தியம்! சத்தியம்! சத்தியம்! இதில் ஓர் எழுத்து பொய்யாக இருந்தாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிரட்டும். மீசையே இல்லையே என்று சிரிக்காதீர்கள், பிள்ளைகளா. அது போன கதைக்குச் செய்த சத்தியத்தில் போய்விட்டது. இந்தக் கதை அப்படியல்ல, சுத்தமான நிஜம்.

அந்தக் காலத்தில், மரமும் காற்றும் வாய்விட்டுப் பேசிய காலத்தில், இமயமலைக்கும் அப்பால் ஒரு பள்ளத்தாக்கில் ஓர் ஆப்பிள் மரம் இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் அக்ரூட் மரம். அவன் யாரையும் நம்பமாட்டான். அணில் வந்து "சௌக்கியமா அண்ணே?" என்றால்கூட, "ஏன் கேக்குற?" என்பான். சந்தேகப்பட்டுச் சந்தேகப்பட்டுத்தான் அவன் பருப்பு மூளை மாதிரி மடிந்துபோயிற்று.

குளிர்காலம் வந்தால் சூரியன் தெற்கே நம் பக்கம் வந்து தங்கிவிடுவான். நம் வீடுகளில் பழகியவன் அல்லவா? எங்கே கிளம்பினாலும் "போயிட்டு வர்றேன்" என்றுதான் சொல்வான். வெறும் "போறேன்" அவன் வாயில் வரவே வராது.

அவன் கிளம்பியதும் வாடைக்காற்று வந்து இறங்குவான். மண்ணிலுள்ள தண்ணீர் கல்லாக உறையும். வேருக்கு ஒரு சொட்டு கிடைக்காது. இலைகள் இருந்தாலோ, அவற்றின் வழியாக மரத்துக்குள் இருக்கும் ஈரத்தையும் வாடை உறிஞ்சிவிடுவான். அதனால் மரங்கள் இலையிலுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, காம்படியைத் தக்கை வைத்ததுபோல் அடைத்து, இலைகளை உதிர்த்துவிடும். சாற்றில் சர்க்கரையைக் கூட்டிக்கொள்ளும், இனிப்புத் தண்ணீர் லேசில் உறையாது என்பதால். குழந்தை மொட்டுகளைச் செதிலுக்குள் பொத்தித் தூங்கவைக்கும். இவ்வளவு கெட்டிக்காரத்தனமும் இருந்தது. எப்போது எழுப்புவது என்பதுதான் தெரியாது. கொஞ்சம் வெயில் பட்டால் போதும், எழுப்பிவிடும்.

வாடை இதை மோப்பம் பிடித்துவிட்டான். விழித்த மொட்டு என்றால் அவனுக்கு அவ்வளவு ருசி.

நடுக்குளிரில் ஒரு நாள், சூரியன் மறந்துவிட்டுப் போன மஞ்சள் சால்வையைப் போர்த்திக்கொண்டு, மூச்சை அடக்கியபடி வந்து நின்றான். பள்ளத்தாக்கே கதகதவென்று ஆயிற்று.

"நான்தாம்மா, சூரியன். வந்துட்டேன். புள்ளைங்கள எழுப்பு" என்றான்.

ஆப்பிளுக்கு ஒரே பூரிப்பு. "வாங்கய்யா! இந்த வருஷம் சீக்கிரமே வந்துட்டீங்களே!"

"அதத்தான் நானும் கேக்குறேன்" என்றான் அக்ரூட். "ஏன் சீக்கிரம்?"

"வந்தவர வாங்கன்னு சொல்ல மாட்டியா அண்ணே?"

"பனி இன்னும் முழங்கால் ஆழம் கெடக்கு தங்கச்சி. வந்தது சூரியன்னா அது ஏன் உருகல? ஆளு வேற மூச்சே விடாம பேசுறான் பாரு."

"உனக்கு உன் நிழலப் பாத்தாலும் சந்தேகம்" என்று சொல்லிவிட்டு, ஆப்பிள் தன் மூத்த மொட்டை எழுப்பினாள். அது செதிலை விலக்கி, இளஞ்சிவப்பாக எட்டிப் பார்த்தது. மற்ற மொட்டுகளின் போர்வையையும் மெல்லத் தளர்த்த ஆரம்பித்தாள்.

சாயங்காலம் ஆயிற்று. வாடையால் எவ்வளவு நேரம்தான் மூச்சை அடக்க முடியும்? கன்னம் உப்பி, முகம் நீலம் பாரித்துவிட்டது. "சரிம்மா, நான் போறேன்" என்று அவசரமாகத் திரும்பினான்.

அக்ரூட்டின் கிளைகள் எல்லாம் விறைத்தன.

"என்ன சொன்னான்? போறேன்னா சொன்னான்? சூரியன் என்னிக்குத் தங்கச்சி அப்படிச் சொல்லியிருக்கார்? மூடு! புள்ளைங்கள மூடு!"

ஆப்பிள் பதறிப்போய்ப் போர்வைகளை இறுக்கினாள். தூங்கிக்கொண்டிருந்த மொட்டுகள் எல்லாம் தப்பின. விரிந்துவிட்ட மூத்ததை மட்டும் மூட முடியவில்லை. வாடை சால்வையை உதறிவிட்டு, அடக்கிவைத்த மூச்சையெல்லாம் அதன்மேல் விட்டான். மொட்டு கறுத்து, கிளையிலிருந்து கழன்று, பனியில் விழுந்தது.

அக்ரூட் தன் கிளை ஒன்றைத் தாழ்த்தி, மொட்டு இருந்த அந்த நுனியைக் காற்றுக்கு மறைத்தான்.

குளிர் எல்லாம் தீர்ந்த பிறகு நிஜச் சூரியன் வந்தான். "வந்துட்டேம்மா!"

"போன ஆளும் இதத்தான் சொன்னாரு" என்றாள் ஆப்பிள். திறக்கவில்லை.

"சத்தியமா நான்தாம்மா!"

"சாயங்காலம் கிளம்புறப்ப என்ன சொல்றீங்கன்னு பாத்துக்கிறேன்."

மாலையில் அவன், "போயிட்டு வர்றேன்" என்றான். மறுநாள் வந்தான். அதற்கும் மறுநாள் வந்தான். பனி உருகி ஓடிற்று. அவன் விடாமல் வந்து போவதைப் பார்த்த பிறகுதான் ஆப்பிள் மொட்டுகளை எழுப்பினாள். மரம் முழுக்கப் பூத்தபோது, மூத்தது இருந்த நுனி மட்டும் மொட்டையாக நின்றது.

"உன் புள்ளைங்கள எழுப்பலையா அண்ணே?"

"எதுக்கும் இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்" என்றான் அக்ரூட்.

அன்று முதல்தான் வடக்கத்தி மரங்கள் குளிரை முழுக்கப் பார்த்துத் தீர்க்காமல், நடுவில் ஒரு நாள் அடிக்கும் வெயிலை நம்பி மொட்டுத் திறப்பதில்லை. அக்ரூட் எல்லாருக்கும் கடைசியாகத்தான் துளிர்க்கிறான்.

வாடை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான், எந்தச் சொல்லில் மாட்டினோம் என்று. அதைத் தெரிந்துகொள்ளத்தான் மார்கழியில் நம் ஊர் வாசல்களுக்கு வந்து ஒட்டுக்கேட்கிறான். நான் காதைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருப்பது குளிருக்காக என்றா நினைத்தீர்கள்? ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க! அதனால் பிள்ளைகளா, இதை யார் சொன்னது என்று எவர் கேட்டாலும் என் பேர் வரக்கூடாது. ரொம்ப நெருக்கினால், எதிர்வீட்டுப் பொன்னுரங்கம் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள். அவருக்கு எப்படியும் வருஷம் முழுக்கச் சளிதான்.