பதினெட்டு மீட்டர் ரோடும் ஒரு டப்பா சுண்ணாம்பும்

குருவுக்கு வயசு முப்பத்திநாலு. சீடருக்கு அறுபத்தொண்ணு.

ஆமா, சரியாத்தான் சொல்றேன்.

குரு பேரு வான்மதி. கோயமுத்தூர்ல ஒரு சின்ன ஆபீஸ் வெச்சிருக்காங்க. புதுசா வளர்ற ஏரியாவுக்கு ரோடு எப்படிப் போகணும், பஸ் எங்க திரும்பணும், ஜனங்க எங்க நடக்கணும்னு வரைஞ்சு குடுக்கறதுதான் வேலை.

சீடர் பேரு நஞ்சப்பன். முப்பது வருஷம் ரோடு ஆபீஸ்ல பென்சிலும் ஸ்கேலுமா வரைஞ்சு தள்ளி ரிட்டயர் ஆனவரு. வீட்ல சும்மா உக்கார முடியல. ஒரு நாள் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னுட்டாரு. "கம்ப்யூட்டர்ல ரோடு போடக் கத்துக் குடுங்க மேடம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நாலு மாசம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வான்மதி வீட்டு ஹால்ல, சன்னலோரமா இருந்த மேசையில கிளாஸ். மௌஸை அவரு பென்சில் மாதிரி தூக்கித் தூக்கிப் பிடிப்பாரு. வான்மதி அவரு முன்னாடி ஒரு தடவகூட சிரிச்சதில்ல. தண்ணி குடிக்கற மாதிரி சமையல்கட்டுக்குப் போய் சிரிச்சுட்டு வருவாங்க. அது அவருக்கும் தெரியும்.

"எம் பொண்ணு வயசுதான். ஆனா எனக்கு குரு"ன்னு பஸ்ல பக்கத்து சீட்டுக்காரங்ககிட்டகூட சொல்வாரு.

அப்பத்தான் செவ்வந்திபாளையம் வேலை வந்துச்சு.

எட்டு வருஷத்துக்கு முன்னாடி சோளக்காடு. இப்ப பதினோரு அபார்ட்மெண்ட். ஆனா பஸ் மட்டும் இன்னும் மெயின் ரோட்டோட நின்னுடுது. அங்கிருந்து ரெண்டு கிலோமீட்டர் எல்லாரும் நடைதான். அந்த பஸ்ஸை ஊருக்குள்ள கொண்டு வரணும். அதுக்கு இருக்கற ஒரே வழி ஏழு மீட்டர் அகலத்துல ஒரு தெரு.

அந்தத் தெருவுலதான் வான்மதி வீடும் இருக்கு.

"எங்க தெருவை நானே வரைஞ்சா நல்லா இருக்காதுங்ணா. இதை நீங்க வரைங்க"ன்னுட்டாங்க.

நஞ்சப்பனுக்கு மொதல் பிளான்! பத்து நாள் சோறு தண்ணி மறந்து வரைஞ்சாரு. வெள்ளிக்கிழமை வார்டு கூட்டம். வியாழக்கிழமை காலையில பிரிண்ட் எடுத்து, சுருட்டி, ரப்பர் பேண்டு போட்டு குரு மேசையில வெச்சாரு.

வான்மதி விரிச்சுப் பாத்தாங்க.

ரோடு மெயின் ரோட்ல இருந்து நூல் பிடிச்ச மாதிரி நேரா வருது. வான்மதி வீட்டுக்குக் கொஞ்சம் முன்னாடி மட்டும் லேசா வலது பக்கம் ஒதுங்குது. வீட்டைத் தாண்டினதும் மறுபடி நேராயிடுது.

வான்மதி விரல் அந்த எடத்துல நின்னுச்சு.

"இது என்னங்ணா?"

"அங்க ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்குதுங்க மேடம்." அவரு சன்னல் பக்கம் பாத்துட்டே சொன்னாரு.

"ஓ."

அதுக்கு மேல வான்மதி கேக்கல. நஞ்சப்பனுக்கு மூச்சு வந்துச்சு. உடனே பேச்சை மாத்தினாரு.

"மேடம், பதினெட்டு மீட்டர் போட்டிருக்கனுங்க. போதுங்ளா? இல்ல இருபத்திநாலு ஆக்கிடட்டுங்ளா? ஒரு ரோடு எவ்வளவு அகலம் இருந்தா நல்ல ரோடுங்க?"

வான்மதி மேசையோட கீழ் டிராயரைத் திறந்து பழைய பால் பவுடர் டப்பா ஒண்ணை எடுத்தாங்க. அடியில ஆணியால ஓட்டை போட்டது. உள்ள சுண்ணாம்புப் பொடி.

"டேப்பை எடுத்துக்குங்க. நீங்க போட்ட ரோட்டைத் தரையில ஒருக்கா போட்டுப் பாத்துடலாம்."

"பேப்பர்லதான் அல்லாம் சரியா இருக்குதுங்ளே..."

"வண்டியில ஏறுங்ணா."

வான்மதி வீட்டுக்கு நேர் எதிர்ல ஒரு லைன் வீடு. ஓட்டு வீடு, வரிசையா அஞ்சு வாசல். நடு வாசல்ல தெய்வானைக்கா. அபார்ட்மெண்ட் பூராவுக்கும் இட்லி மாவு அவங்கதான். முன்னறையில கிரைண்டர் ஓடிட்டே இருந்துச்சு.

"அட! ஞாயித்துக்கெழம ஸ்டூடெண்ட்டு வியாழக்கெழம வந்திருக்காரு! பெயிலாப் போயிட்டீங்ளாங்ணா?"

நஞ்சப்பன் சிரிச்சாரு. வான்மதி சொன்னாங்க, "பஸ் ரோட்டை அளக்க வந்திருக்கோம்க்கா."

தெய்வானை ஈரக்கையை முந்தானையில தொடைச்சுட்டு ஓடியே வந்துட்டாங்க.

"நெசமா பஸ்ஸு வருதுங்ளா? பஸ்ஸு கேட்டு எழுதின மனுவுல மொதக் கையெழுத்து என்துதானுங்க! எம் பொண்ணு காலேஜுக்கு ரெண்டு கிலோமீட்டரு நடந்து போய்ப் பஸ்ஸு ஏறறா. நானு மாவுத் தூக்கைத் தூக்கிட்டு மேட்டுல ஏறறனுங்க. போடுங்ணா, நல்லாப் போடுங்க. அளக்கறதுக்கு நாம் பிடிக்கட்டுங்ளா?"

டேப்போட ஒரு முனையை அவங்களே பிடிச்சுக்கிட்டாங்க.

வான்மதி வீட்டு காம்பவுண்டு சுவருதான் இந்தப் பக்கத்து ஓரம். பிளான்படி அங்கிருந்து ஆரம்பிக்கணும். நஞ்சப்பன் குனிஞ்சு சுண்ணாம்பைத் தட்டினாரு.

"ரெண்டு மீட்டர், நடக்கறவங்களுக்கு." ஒரு கோடு.

"ரெண்டரை, கார் நிறுத்த." ஒரு கோடு.

"மூணரை, ஒரு பஸ்." 

அந்தக் கோடு லைன் வீட்டு வாசப்படி மேல ஏறிடுச்சு. 

"அட, படி போகுதாட்ட இருக்குதே. போனாப் போவுது, கல்லைப் பின்னால தள்ளிப் போட்டுக்கறன்"னாங்க தெய்வானை.

நஞ்சப்பன் நிமிந்தாரு. ரோட்ல பாதிகூட இன்னும் போட்டு முடியல.

"இன்னும் இருக்குதுங்ளா?"

"இருக்குதுங்..."

"உள்ளயுங்ளா?"

அவரு வான்மதியைப் பாத்தாரு. வான்மதி செருப்பைக் கழட்டிட்டு நின்னாங்க. "போங்கண்ணா."

தெய்வானை ஓடிப்போய் மாவு அண்டாவை மூடினாங்க. "சுண்ணாம்பு விழுந்துச்சுன்னா நாளைக்கு அபார்ட்மெண்டே வயத்தப் பிடிச்சுட்டு நிக்கும்!"

நஞ்சப்பன் முன்னறையில ஒரு கோடு போட்டாரு. கிரைண்டருக்கு அந்தப் பக்கம்.

"இந்த ரெண்டு மீட்டர் எதுக்குங்ணா?"

"நடுவுல... செடி வெக்கறதுக்குங்க."

"என்ன செடிங்?"

"அரளிங்க. ரோட்டு நடுவுல அரளிதான் வெப்போம்."

தெய்வானை கிரைண்டரைப் பாத்தாங்க. 

அடுத்த மூணரை மீட்டர் சமையல்கட்டு. எதிர்ல வர்ற பஸ். அவரு டேப்பை மட்டும் வெச்சுப் பாத்தாரு, சுண்ணாம்பு போடல.

அதுக்கடுத்தது பின்னாடி ரூம். ஒரு பிளாஸ்டிக் மேசை, மேல பொண்ணோட புஸ்தகம், செவுத்துல டைம் டேபிள்.

"இது எதுக்குங்ணா?"

"கார் நிறுத்தறதுக்குங்க."

"யாரு காருங்க?"

 முப்பது வருஷத்துல இந்தக் கேள்வியை நஞ்சப்பன்கிட்ட யாருமே கேட்டதில்ல!

தெய்வானை முன்னறைக்குப் போனாங்க. சுவிட்சை அணைச்சாங்க. கிரைண்டர் நின்னதும் அந்த வீடு எவ்வளவு சின்னதுன்னு தெரிஞ்சுது.

"அப்ப பஸ்ஸு வர்றப்ப நாங்க இங்க இருக்க மாட்டமுங்ளா?"

நஞ்சப்பன் டேப்பைச் சுருட்டினாரு.

தெய்வானையேதான் மறுபடி கேட்டாங்க. "சரி, வெயில்ல வந்திருக்கீங்க. காப்பி வெக்கட்டுங்ளா?"

நஞ்சப்பன் டப்பாவை எடுத்துட்டு விறுவிறுன்னு தெருவுக்கு வந்துட்டாரு.

தெருவுல நின்னு ரொம்ப நேரம் கண்ணாடியைத் தொடைச்சாரு.

"மேடம், நானு அந்த வளைவை எடுத்துடறனுங்க. ரோடு நேராவே போகட்டும். ரெண்டு பக்கமும் சமமா அஞ்சரை அஞ்சரை மீட்டர் போகும். அதுதான் நாயம்."

"சரி. போட்டுப் பாருங்க." வான்மதி தன்னோட கேட்டைத் திறந்து விட்டாங்க.

"இங்கயுங்ளா?"

"இங்கயும் அஞ்சரை போகுமில்லங்ணா?"

அவரு உள்ள போனாரு. கேட், ஸ்கூட்டி நிறுத்தற எடம், வாசப்படி. டேப்பு இன்னும் நீளுது. ஹாலுக்குள்ள போகுது. சன்னலோரமா அந்த மேசை. அதுல அவரோட பழைய மௌஸ் பேடு அப்படியே கெடந்துச்சு. ஓரத்துல பால்பாயிண்ட்ல அவரே எழுதி வெச்சது: 'இடது பட்டன் – கோடு. வலது பட்டன் – தொடாதே.'

"போடுங்கண்ணா."

அவரு டப்பாவைச் சாய்க்கவே இல்ல.

வான்மதி அதை அவரு கையில இருந்து வாங்கினாங்க. வாசல்ல இருந்து மேசை வரைக்கும் தட்டிட்டே போனாங்க. பளபளன்னு இருந்த டைல்ஸ் மேல வெள்ளைக் கோடு விழுந்துட்டே போச்சு. மேசைக்கால்கிட்ட வந்ததும் நஞ்சப்பன் குறுக்கால வந்து நின்னுட்டாரு.

"போதுமுங்க மேடம்."

"இன்னும் அரை மீட்டர் இருக்குங்ணா. நடக்கறவங்க எடம்."

"போதும்னு சொல்றனுங்க!"

குருகிட்ட அவரு குரலை உசத்தினது அதுதான் மொதல் தடவ. அவருக்கே தூக்கிவாரிப் போட்டுச்சு. வான்மதி டப்பாவைத் திருப்பிக் குடுத்துட்டு, தண்ணி குடிக்கற மாதிரி சமையல்கட்டுக்குப் போயிட்டாங்க.

இந்தத் தடவ சிரிச்சாங்களான்னு தெரியல.

திரும்பி வந்து பாத்தா நஞ்சப்பன் ஹால்ல இல்ல. தெரு நடுவுல நிக்கறாரு. டேப்போட ஒரு முனையில மறுபடியும் தெய்வானை. அவரு தனக்குத்தானே கேட்டு, தானே பதில் சொல்லிட்டிருக்காரு.

"ரெண்டு பஸ்ஸு எதிரெதிரா போக எத்தன வேணும்? ஏழு. தெருவே ஏழு இருக்குது. நடக்கறவங்களுக்கு? இந்தப் பக்கம் ஒண்ணரை, அந்தப் பக்கம் ஒண்ணரை. அரளி? வேண்டாம். காரு?"

"யாரு காருங்க?"ன்னாங்க தெய்வானை.

"அதானுங்க!"

பத்து மீட்டர். கையோட சுண்ணாம்பு போட்டாரு. ஒரு கோடு தெய்வானை வீட்டு வாசப்படியையும் துணி துவைக்கற கல்லையும் எடுத்துச்சு. ரூமுக்குள்ள போகல. இன்னொரு கோடு வான்மதி வீட்டு காம்பவுண்டையும் ஸ்கூட்டி நிறுத்தற எடத்தையும் எடுத்துச்சு. ஹாலுக்குள்ள போகல.

லைன் வீட்டுல மத்த நாலு வாசல்லயும் போய் நின்னு, அவரே குனிஞ்சு கோட்டைக் காட்டி, "இது வரைக்கும் விட்டுக் குடுக்க முடியுங்ளா?"ன்னு கேட்டாரு. முப்பது வருஷமா ரோடு போட்டவரு, மொதல் தடவையா ஒரு கோட்டுக்கு அனுமதி கேக்கறாரு!

"கல்லு போனா கல்லு. பஸ்ஸு வருதில்ல"ன்னாங்க தெய்வானை. காப்பியும் வந்துச்சு. இந்தத் தடவ குடிச்சாரு.

சாயங்காலம் ஹால்ல அதே மேசையில உக்காந்து பிளானை மாத்தினாரு. தரையில சுண்ணாம்பு இன்னும் இருந்துச்சு. ரெண்டு பேருமே கூட்டல.

"மேடம், நாளைக்குக் கூட்டத்துல அபார்ட்மெண்டுக்காரங்க சும்மா விட மாட்டாங்க. கார் நிறுத்த எடம் எங்கன்னு கத்துவாங்க."

"கத்தட்டும்ணா. டப்பாவை எடுத்துட்டுப் போலாம். யாரு கத்தறாங்களோ அவங்க கையில குடுத்துடலாம்."

நஞ்சப்பன் சிரிச்சாரு. அப்பறம் சிரிப்பு நின்னுச்சு. மௌஸைத் தூக்கிக் கையில வெச்சுட்டே உக்காந்திருந்தாரு.

"அந்த டிரான்ஸ்ஃபார்மரு..."

"சொல்லுங்ணா."

"அங்க டிரான்ஸ்ஃபார்மரே இல்லீங்க."

"நான் தெனமும் இந்தத் தெருவுலதான வண்டி எடுக்கறேன்."

"அப்ப காலையிலயே தெரியுமுங்ளா?"

"ம்."

"உங்க வீடு போயிடக் கூடாதுன்னுதானுங்க மேடம் அப்படிப் பண்ணினேன்."

"அதுவும் தெரியும்ணா."

அவரு கண்ணாடியைக் கழட்டினாரு. தொடைக்கல, சும்மா கையில வெச்சிருந்தாரு.

"அப்பறம் ஏனுங்க என்னைத் திட்டல? காலையிலயே ஒரு வார்த்த திட்டியிருக்கலாமில்லங்ளா?"

வான்மதி அவரு விரல்ல ஒட்டியிருந்த சுண்ணாம்பைப் பாத்தாங்க.

"திட்டியிருந்தா, ஆபீஸ்லயே உக்காந்து அதே பதினெட்டு மீட்டரை நேராக்கிக் குடுத்திருப்பீங்கண்ணா."