பத்தொன்பதாவது வளைவு

பாளையங்கோட்டையில் செல்போன் பழுது பார்க்கும் ரெஜினா டீச்சரிடம் கேள்வியோடு போகிறவர்கள் பதிலோடு திரும்புவது குறைவு. பெரும்பாலும் ஏதாவது ஒரு வேலையோடுதான் திரும்புவார்கள்.

பிரம்மசக்திக்கு இது தெரியும். தெரிந்தும் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அந்தக் கடை வாசலில் போய் நின்றார். அவருக்கு வேறு போக்கிடம் இல்லை.

பிரம்மசக்திக்கு ஐம்பது வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பஸ்களின் நெற்றியில் பெயர் எழுதிப் பிழைத்தவர். தன்னைவிடப் பதினான்கு வயது இளையவரான ரெஜினாவிடம்தான் கம்ப்யூட்டரில் படம் வரையக் கற்றுக்கொண்டார். வரைந்த பஸ்கள் ஒருநாள் செல்போனில் ஓட ஆரம்பித்தன. அது 'மலை வண்டி' என்ற விளையாட்டு ஆயிற்று. ஆளுக்கொரு பஸ். அதன் நெற்றியில் அவரவர் எழுதிய பெயர். ஏறுவதற்கு இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள். உச்சியில் ஒரு டீக்கடை.

நாலு லட்சம் பேர் ஓட்டினார்கள். ஹாரனும் பெயிண்டும் விற்ற காசில் பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகம் ஒன்று நடந்தது. அது போன வருஷத்துக் கதை.

"எக்கா, முகமே சரியில்லையே. சாப்பிட்டியளா?" என்றார் ரெஜினா. கையில் ஒரு போன் பிளந்து கிடந்தது.

"சோறுதான் ஒரு கேடு எனக்கு. டீச்சர், போனவங்களைத் திரும்பக் கூப்பிட என்ன வழி?"

"யாரு போனா?"

"ஆட்டக்காரங்க. ரெண்டே மாசத்துல மூணு லட்சம் பேரு போயிட்டாங்க. டீசல் வச்சோம்லா, அதுல இருந்து."

டீசல் என்பது சென்னைக்காரரின் யோசனை. கம்பெனிக்கு முதல் போட்டவர் அவர். அதுவரை மலை வண்டி டீசல் இல்லாமலே ஓடிக்கொண்டிருந்தது. இப்போது வழியில் டீசல் தீரும். தீர்ந்தால் காசு கொடுத்து வாங்க வேண்டும். இல்லையென்றால் மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

"நாலரை நட்சத்திரம் இருந்துச்சு டீச்சர். இப்ப ஒண்ணே முக்கால். வாயில வராத வார்த்தையெல்லாம் எழுதுதாங்க. இதுல அந்த மனுஷன் வெள்ளிக்கிழமைக்குள்ள அதிர்ஷ்டப் பெட்டி வைக்கணும்னு நிக்காரு."

"அது என்னது?"

"மூடின பெட்டி. காசு கட்டித் திறக்கணும். உள்ளே ஹாரன் இருந்தாலும் இருக்கும், ஒண்ணுமில்லாமலும் போகும். வச்சாத்தான் அடுத்த பணமாம். இல்லேன்னா கையில ஒரு மாசச் சம்பளம்தான் இருக்கு. பத்துப் பேரையும் வீட்டுக்கு அனுப்பணும். மைதீனுக்கு இப்பத்தான் பிள்ளை பிறந்திருக்கு. எனக்கு உறக்கமே இல்லை."

ரெஜினா திருப்புளியைக் கீழே வைத்தார்.

"எக்கா, நீங்க உச்சிக்குப் போய் எத்தனை நாளாச்சு?"

"தினமும் போறேனே! காலையில காப்பி குடிச்சதும் ஒரு நடை ஏறி இறங்கினாத்தான் எனக்கு அன்னைக்குப் பொழுது விடியும். எங்க ஆபீஸ்ல பத்துப் பேரும் அப்படித்தான்."

"எந்த போன்ல?"

பிரம்மசக்தி பெருமையோடு தன் போனை நீட்டினார். திரையின் மூலையில் ஒரு எண் மின்னியது. தொண்ணூற்று ஒன்பது லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்பது விளையாட்டுக் காசு. டீசல் முள் நிறைந்த இடத்திலேயே நின்றது. சாலையில் வேறு ஒரு வண்டிகூட இல்லை.

"ரோடு காலியா கிடக்கே?"

"இது சோதனை ரோடு டீச்சர். வேலை செய்யிறவங்களுக்குத் தனியா போட்டது. ஆட்டக்காரங்க வண்டி குறுக்க வராது. டீசலும் தீராது. தீந்தா எப்படி வேலை பாக்க?"

ரெஜினா அந்த போனை வாங்கி மேசை டிராயரில் போட்டுப் பூட்டினார். அலமாரியிலிருந்து பழைய போன் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதன் கண்ணாடியில் குறுக்கே ஒரு கீறல் ஓடியது.

"இதுல ஏறுங்க. உச்சிக்குப் போன பிறகு கேள்வியைக் கேளுங்க."

"அரைமணி நேர வேலை" என்றார் பிரம்மசக்தி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புது வண்டி. நெற்றியில் 'இசக்கி துணை' என்று எழுதினார். பலாப்பழத்தோடு ஒரு கல்யாண கோஷ்டி ஏறியது. எல்லாம் அவர் கையால் வரைந்த முகங்கள். முதல் வளைவு, இரண்டாவது வளைவு என்று வண்டி சிட்டாக ஏறியது. பதினெட்டாவது வளைவு தாண்டியதும் முள் சரிந்தது. பத்தொன்பதாவது வளைவில் வண்டி இருமி நின்றது.

அங்கேதான் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். இவ்வளவு தூரம் ஏறியவன் திரும்பிப் போக மனசு வராமல் காசு கட்டிவிடுவான் என்று சென்னைக்காரர் கணக்குச் சொன்னபோது, சரி என்று தலையாட்டியிருந்தார்.

தெரியாதது ஒன்று இருந்தது. வளைவு முழுக்க பஸ்கள் நின்றன.

பாறை ஓரமாக, பள்ளத்தின் விளிம்பில், ஒன்றன்பின் ஒன்றாக. எல்லாவற்றிலும் மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. 'மாதா துணை', 'நாகூர் ஆண்டவர்', 'அம்மா செல்லம்', 'கடன்காரன்'. ஒவ்வொரு கூரையின் மேலும், அது நின்று எத்தனை நாளாயிற்று என்று ஒரு எண். முப்பத்தொன்று. நாற்பத்து மூன்று. ஐம்பத்தெட்டு.

அப்போது ஆட்டோ ஓட்டும் சவரிமுத்து சார்ஜர் வாங்க வந்தார். பிரம்மசக்தியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"எக்கா, நீங்களும் அந்தப் பாழாப்போனதுல மாட்டிக்கிட்டியளா? அந்தா நிக்கிறது என் வண்டிதான். மாதா துணை. நாப்பத்து மூணு நாளா நிக்கி."

"ஏன், டீசல் போட வேண்டியதுதானே?" என்றார் பிரம்மசக்தி. குரல் சற்று இறங்கியிருந்தது.

"நல்லா கேட்டீய. பகல் பூரா பெட்ரோல் பங்குல அழுதுட்டு, சாயங்காலம் பொம்மை பஸ்ஸுக்கும் அழணுமா? காசு பெருசில்லக்கா. அடிவாரத்துலயே கேட்டிருந்தா கொடுத்திருப்பேன். மலையேத்தி விட்டுட்டுல்லா ஏணியை எடுக்கான். அந்த ஆபீஸ்காரன் மட்டும் என் ஆட்டோவுல ஏறட்டும், பாதி வழியில இறக்கி விடுதேன்."

ரெஜினா சார்ஜரை எடுத்துக் கொடுத்தார். சவரிமுத்து சார்ஜரோடு போனார்.

மூன்று மணி நேரம் கழித்து ஒரு லிட்டர் வந்தது. ஒரு வளைவு ஏறியது. பிறகு இன்னொரு மூன்று மணி நேரம். அலுவலக வேலைக்கு நடுவே கடைக்கு வந்து வந்து ஏற்றியும், புதன்கிழமை மாலையில் வண்டி இருபத்திரண்டாவது வளைவில்தான் நின்றது. கல்யாண கோஷ்டி ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மணமகளின் முகத்தை வரைய அவருக்கு ஒன்பது நாள் ஆகியிருந்தது.

"முகூர்த்தம் போச்சு" என்றார் பிரம்மசக்தி, தனக்குள்.

வியாழக்கிழமை பொறுமை அற்றுப் போயிற்று. இருபத்தொன்பது ரூபாயை எடுத்து ரெஜினாவின் மேசையில் வைத்தார்.

"கட்டுங்க டீச்சர்."

"யாருக்கு?"

"எனக்குத்தான்! கட்டுங்க."

டீசல் ஏறியது. திரையில் ஒரு வாசகம் வந்தது: 'நன்றி! இன்னும் பெரிய டாங்கி வாங்கினால் இன்னும் மகிழ்ச்சி!' அவரே எழுதிய வாசகம்.

இருபத்தைந்தாவது வளைவில் வண்டி மறுபடியும் இருமி நின்றது.

பிரம்மசக்தி எழுந்தார். உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தைத் துடைத்தார். பிறகு விறுவிறுவென்று போனைத் தட்டி, விளையாட்டுக்கு நட்சத்திரம் போடும் பக்கத்தைத் திறந்து, ஒரே ஒரு நட்சத்திரத்தை அழுத்தி, 'இதைச் செய்தவர்கள் சோற்றைத்தான் தின்கிறார்களா?' என்று எழுதி அனுப்பினார்.

அனுப்பிய மாத்திரத்தில் கம்பெனியிலிருந்து பதில் வந்தது: 'உங்கள் மகிழ்ச்சியே எங்கள் மகிழ்ச்சி. தொடர்ந்து விளையாடுங்கள்.'

அதை இரண்டு தடவை படித்தார். மூன்றாவது தடவை படிக்கும்போது சிரிப்பு வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

"டீச்சர், உச்சிக்குப் போகாம ஒண்ணு கேக்கலாமா?"

"கூடாது."

"சரி, கேக்கல" என்று சொல்லிவிட்டு, கீறல் விழுந்த போனை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் முதல் வேலையாகப் பத்துப் பேரின் விளையாட்டுக் கணக்கிலும் இருந்த காசைப் பூஜ்யமாக்கச் சொன்னார். சோதனை ரோட்டையும் மூடச் சொன்னார்.

"எல்லாரும் ஆட்டக்காரங்க ரோட்டுல ஏறுங்க. உச்சியில டீக்கடை போர்டுல நான் புதுசா என்ன எழுதியிருக்கேன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. சொல்றவனுக்கு பிரியாணி."

பதினொரு மணிக்கெல்லாம் பத்துப் பேரும் பத்தொன்பதாவது வளைவில் நின்றார்கள். பன்னிரண்டு மணிக்கு மைதீன் போனை மேசையில் குப்புறப் போட்டான்.

"எக்கா, இந்த டீசல் புரோகிராமை எழுதினவன் கையை முறிக்கணும்."

"நீதானேடே எழுதினே?"

"அதான் சொல்லுதேன்."

அறை முழுக்கச் சிரிப்பு. ரெண்டு மாசமாக அந்த அறை சிரித்ததில்லை.

"கழட்டிருவோமா?" என்றார் பிரம்மசக்தி.

மைதீன் ஏற்கெனவே நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டான்.

மூன்று மணிக்கு சென்னைக்காரர் கூப்பிட்டார். "பெட்டி வெச்சாச்சா, மேடம்?"

"பெட்டி இல்லை சார். டீசலையும் எடுத்தாச்சு. வாங்கினவங்க காசைத் திருப்பிக் கொடுக்கோம்."

"என்ன மேடம், பைத்தியமா? கையில இருக்கிற ஒரு மாசத்தையும் தூக்கிக் கொடுக்கப் போறீங்களா? நான் ஒரு ரூபா போட மாட்டேன்."

பிரம்மசக்தி அறையைத் திரும்பிப் பார்த்தார். பத்துப் பேரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"போட வேண்டாம் சார். ஆனா ஒரே ஒரு தடவை மலை ஏறிப் பாருங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் போகும்படி ஒரு அறிவிப்பை அவரே எழுதினார். எழுத்துப் பிழை பார்க்கட்டுமா என்று கேட்ட பெண்ணிடம் கொடுக்கவில்லை. 'நடு வழியில் நிறுத்திக் காசு கேட்டது தப்பு. கட்டிய காசு திரும்ப வரும். இனிமேல் டீசல் தீராது. ஹாரனும் பெயிண்டும் பழையபடி விற்போம், கேட்டுப் பார்த்துப் பிடித்தால் வாங்குங்கள். வண்டியை எடுங்கள். இப்படிக்கு, பிரம்மசக்தி.'

சனிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. கட்டியவர்களுக்கெல்லாம் காசு போய்ச் சேர்ந்தது. வங்கிக் கணக்கில் சில்லறைதான் மிஞ்சியது. அந்த ஒரு நாளில் பிரம்மசக்தி செத்துப் பிழைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ரெஜினா கடையைத் திறந்தபோது வாசலில் பிரம்மசக்தி நின்றிருந்தார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். பிரம்மசக்தி ஸ்டூலில் உட்கார்ந்து மறுபடி அடிவாரத்திலிருந்தே வண்டியை எடுத்தார். அதே கல்யாண கோஷ்டி, அதே பலாப்பழம்.

பத்தொன்பதாவது வளைவு வந்தது. பஸ்கள் அப்படியே நின்றன. மஞ்சள் விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. எண்கள் மட்டும் கூடியிருந்தன.

"போச்சு டீச்சர்" என்றார் பிரம்மசக்தி. பிரேக்கை அழுத்தினார். நடு ரோட்டிலேயே நின்றுவிட்டார். "ஒருத்தரும் வரலை."

ரெஜினா ஸ்டூலுக்கு அருகில் வந்து நின்றார்.

ஒரு விளக்கு அணைந்தது. 'கடன்காரன்' உறுமியது. கூரை மேலிருந்த அறுபத்து மூன்று என்ற எண் மறைந்தது. மெல்லப் பாறையை விட்டு விலகி ரோட்டுக்கு வந்தது. அதன் பின்னால் 'அம்மா செல்லம்'. அப்புறம் 'நாகூர் ஆண்டவர்'. பிறகு எண்ண முடியவில்லை. வளைவு முழுக்க இஞ்சின்கள் எழுந்துகொண்டன. கீழே பதினெட்டாவது வளைவிலும், அதற்குக் கீழேயும், புது வண்டிகளின் விளக்குகள் சரம் சரமாக ஏறி வந்தன.

அந்தப் பழைய போனின் சிறு ஒலிபெருக்கி திணறும்படி ஹாரன்கள் கிளம்பின. ஒன்று பாடியது, ஒன்று பிளிறியது, ஒன்று நாதஸ்வரம் வாசித்தது. போனில் கேட்ட அதே சத்தம் தெருவிலும் கேட்டது. ஆட்டோவை அப்படியே போட்டுவிட்டு சவரிமுத்து கடைக்குள் ஓடி வந்தார்.

"டீச்சர், பாத்தியளா! என் வண்டி கிளம்பிட்டு! காசும் திரும்பி வந்துட்டாம், எங்க வீட்டுக்காரி அவ வண்டிக்கு ஒருதடவை எனக்குத் தெரியாமக் கட்டியிருக்கா. இப்ப அந்தக் காசுல புது ஹாரன் வாங்கிட்டேன். கேளுங்க, கேளுங்க!"

மாதா துணை மலை அதிர ஹாரன் அடித்தது. பிரம்மசக்தியின் இடுப்பில், டிராயரில் பூட்டிய போனுக்குப் பதிலாக அவருடைய மகன் கொடுத்திருந்த சின்ன போன் விடாமல் அடித்தது. மைதீன். எடுத்தால், "எக்கா! எக்கா!" என்பதைத் தவிர அவனுக்கு வேறு வார்த்தை வரவில்லை. அவன் பின்னால் ஒன்பது பேரும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

பிரம்மசக்தி கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. திரை மங்கலாகத் தெரிந்தது. அதற்குள் எல்லா விளக்குகளும் ஒரே வெளிச்சமாகக் கலந்தன.

"டீச்சர்," என்றார், "போனவங்க எல்லாரும் திரும்பி வந்துட்டாங்க."

ரெஜினா குனிந்து அந்தக் கீறல் விழுந்த திரையைப் பார்த்தார்.

"போனாங்கன்னு யாருக்கா சொன்னா? இத்தனை நாளும் இங்கனதான நின்னாங்க. நீங்கதான் ரோட்டுக்குக் குறுக்க நிக்கிய. வண்டியை எடுங்க."