மன்னர் அமர்ந்த வைக்கோல்

முன்னொரு காலத்தில், மழை மறந்துபோன ஒரு நாட்டில், மாடு வளர்ப்பவர்களுக்கு அவசர உதவியாக அரண்மனை வைக்கோற்போரிலிருந்து வைக்கோல் கொடுக்கலாம் என்று மன்னருக்குத் தோன்றியது. நல்லது தோன்றினால் கெடுக்க ஒருவர் வேண்டுமே! தான தருமங்களைக் கவனிக்கும் அதிகாரி மேகவர்ணர் எழுந்தார். பெயரில்தான் மேகம், மனிதரிடமிருந்து ஒரு துளி விழாது.

"அரசே, எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று ஆளாளுக்குப் பொய் சொல்லி அள்ளிப் போவார்கள். பசித்த மாடே தங்களைப் பார்த்துத் தன் வாயால் கேட்கட்டும். அதுவரை உதவி வைக்கோல் ஒரு பிடிகூடக் கோட்டை வாசலைத் தாண்டலாகாது."

மன்னருக்கு இந்த வேடிக்கை பிடித்துவிட்டது. அரசவை விகடன் கூத்தையனைப் பார்த்தார். "மாடு வளர்ப்பவர்களுக்காகப் பரிந்து பேசியவன் நீதானே? நாளைப் பொழுது சாய்வதற்குள் மாட்டைக் கேட்க வை. தவறினால் உன் தலை போகும்."

கூத்தையன் சிரித்து வைத்தான். தன் தலையைவிட, மாடு வளர்க்கும் மாராயியின் செவலைப் பசுதான் அவனை வாட்டியது. காலையில்தான் அவளுடைய ஊரில் அதைப் பார்த்துவிட்டு வந்திருந்தான். படுத்த பசு எழவில்லை.

"அசை போடுறதையே நிறுத்திடுச்சு சாமி. இன்னிக்கோ நாளைக்கோன்னு கெடக்கு" என்று மாராயி அழுதிருந்தாள். அதை எப்படி அரண்மனைக்கு நடத்தி வருவது? இரவெல்லாம் அவன் புரண்டு புரண்டு படுத்தான்.

விடிந்ததும் மன்னர்முன் போய் நின்றான். "அரசே, பசித்த மாட்டுக்கு இவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை. தாங்கள்தான் எழுந்தருள வேண்டும். வழி கரடுமுரடு என்பதால் வண்டியில் மெத்தென்று ஓர் ஆசனம் அமைத்திருக்கிறேன்."

வண்டியில் வைக்கோல் குன்றுபோல் ஏற்றியிருந்தது. மேலே ஒரு பட்டு விரிப்பு. மன்னர் ஏறி அமர்ந்தார். மேகவர்ணர் வாசலில் ஓடிவந்து மறித்தார்.

"வைக்கோல் வாசலைத் தாண்டலாகாது!"

"உதவி வைக்கோல் அல்லவா தாண்டலாகாது? இது மன்னரின் ஆசனம். மன்னரின் ஆசனத்தையே மறிப்பீரோ?" என்றான் கூத்தையன்.

மேகவர்ணர் விலகி வழிவிட்டார்.

ஊருக்குள் வண்டி நுழைந்ததும் வைக்கோல் வாசம் பரவியது. எலும்பும் தோலுமான மாடுகள் தள்ளாடி வந்து, மன்னரை அண்ணாந்து பார்த்து, "அம்மா!" என்று கத்தின.

"கேட்கின்றன, அரசே" என்றான் கூத்தையன்.

மன்னர் பதில் சொல்லும்வரை எந்த மாடு காத்திருக்கும்? நான்கு பக்கமும் இழுத்துத் தின்றன. மன்னர் விரிப்போடு மெல்ல மெல்ல இறங்கி, கடைசியில் வெறும் பலகையில் தொப்பென்று உட்கார்ந்தார்.

மன்னர் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "கேட்டதோடு நிற்காமல் எடுத்துக்கொண்டும் விட்டன! வைக்கோற்போரைத் திறந்துவிடுங்கள். மேகவர்ணரே, முதல் வண்டியை நீரே ஓட்டி வாரும். கூத்தையா, இந்தா பரிசு!"

முத்துமாலையைக் கழற்றிவிட்டுத் திரும்பினால் கூத்தையனைக் காணோம். அவன் கடைசிக் கைப்பிடி வைக்கோலோடு மாராயி வீட்டுக்கு ஓடியிருந்தான். மன்னரும் மாலையும் கையுமாகப் பின்னால் போனார்.

செவலை ஒவ்வொரு வைக்கோல் தாளாகத் தின்றது. ஆனால் அசை போடவில்லை. மாராயி அதன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னரும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் கழித்து அதன் தாடை பக்கவாட்டில் மெல்ல அசைந்தது.

"போட்டுடுச்சு சாமி! அசை போட்டுடுச்சு!"

தன் கழுத்தின்மேல் தலை இருப்பது அப்போதுதான் கூத்தையனுக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் கழுத்தில் மன்னர் சிரித்தபடியே மாலையைப் போட்டார்.