பன்னிரண்டாவது நாற்காலி

“இந்தப் பாஸ்கா திருநாளோட என்னை விட்டுருங்க சாமி. உபதேசியார் வேலை இனிமே எனக்கு வேண்டாம்.”

கோயில் காரியங்களைப் பார்த்துக்கொள்ளும் கஸ்பார் உபதேசியாருக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பங்குச் சாமியார் கிளமென்டுக்கோ அவருடைய மகன் வயதுதான், குருப்பட்டம் வாங்கி வந்த புதுசு. ஆனாலும் மனசில் கிடப்பதைக் கொட்ட ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

“என்னாச்சு?”

“என் இருதயம் சுத்தமா இல்லை. எம் மக செத்த வருஷமே மருமகன் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டான். அவனைத் தெருவுல பார்த்தாலே எனக்கு வயிறு எரியுது. பூசையில எல்லாரும் நன்மை அப்பம் வாங்க வரிசையில போறாங்க, நான் தூணோரமா ஒதுங்கி நிக்கிறேன். மூணு வருஷமாச்சு.”

“பாவசங்கீர்த்தனம் பண்ணி மன்னிப்பு வாங்கலாமே.”

“இந்த மனசோடயா? முதல்ல இதைச் சுத்தம் பண்ணணும் சாமி. பண்ணிட்டு நானே வர்றேன்.”

சாமியார் சுவர்க் காலண்டரைப் பார்த்தார்.

“நாளைக்குப் பெரிய வியாழன். பாதம் கழுவ ஆள் சேர்த்தாச்சா?”

உபதேசியாருக்குச் சுருக்கென்றது. நாம் என்ன சொல்கிறோம், இவர் என்ன கேட்கிறார்!

கர்த்தர் தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, அப்போஸ்தலர்களாக உட்காரும் பன்னிரண்டு பேரின் பாதத்தைச் சாமியார் அன்றைய பூசையில் கழுவுவார். அதற்கு ஆள் சேர்ப்பது லேசான காரியமில்லை. பதினொரு அப்போஸ்தலர்கள் சுலபமாகக் கிடைத்துவிடுவார்கள். பன்னிரண்டாவது நாற்காலிக்குத்தான் திண்டாட்டம். அது காட்டிக்கொடுத்த யூதாஸின் நாற்காலி என்று இளவட்டங்கள் கேலி பேசுவார்கள். உட்கார்ந்தவனுக்கு அடுத்த வருஷம் வரை அதுதான் பெயர். இந்த முறை அற்புதம் என்பவனைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்திருந்தார்.

மறுநாள் சாயங்காலம் கோயில் குழாயடியில் அப்போஸ்தலர்கள் வரிசையாக நின்றார்கள். உபதேசியார் சோப்பும் தேங்காய் நாருமாக மேற்பார்வை பார்த்தார். வருஷா வருஷம் நடப்பதுதான்.

“குதிகாலைத் தேய்யா. விரல் இடுக்குல பாரு, வயக்காடே இருக்கு.”

அந்தப் பக்கம் வந்த சாமியார் நின்றார். “என்ன உபதேசியாரே இது?”

“பின்னே? அழுக்குக் காலையா உங்க கையில குடுக்கிறது? ஊர் மானம் என்ன ஆகுறது!”

சாமியார் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

பூசை தொடங்கியும் அற்புதத்தைக் காணோம். கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போடப் போயிருக்கிறான் என்றார்கள். உபதேசியார் வாழைத் தோட்டத்துக்கு ஓடினார். அவசரத்தில் வாய்க்காலுக்குள்ளேயே இறங்கிவிட்டார்.

“தண்ணி பாயுது உபதேசியாரே. யூதாஸுக்கு வேற ஆளைப் பாருங்க!” என்று அற்புதம் வரப்பில் நின்றபடியே கத்தினான்.

கோபமும் அவமானமுமாகத் திரும்பி வந்து கோயில் வாசலில் நின்றார். உள்ளே பதினொரு பேருக்கும் கழுவி முடிந்திருந்தது. தாம்பாளத்துத் தண்ணீர் குடிக்கலாம் போலத் தெளிவாகக் கிடந்தது. இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, சாமியார் காலி நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். சனம் மொத்தமும் காத்திருந்தது.

சாமியார் வாசலைப் பார்த்தார். நாற்காலியைத் தட்டிக் காட்டினார்.

உபதேசியார் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். முழங்கால் வரை சேறு. முதல் வரிசையில் மருமகன் வேறு உட்கார்ந்திருந்தான். கூச்சத்தில் உடம்பே சுருங்கிப்போயிற்று. சுவரோரமாக நடந்து சாமியாரின் காதருகே குனிந்தார்.

“ஒரே நிமிஷம் சாமி. குழாயடியில கழுவிட்டு ஓடி வந்துர்றேன்.”

சாமியார் செம்பைக் கையில் எடுத்தார்.

“நீங்களே கழுவிட்டு வந்துட்டா, நான் எதுக்கு இங்க மண்டி போட்டிருக்கேன்?”

கஸ்பார் பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். சேற்றுக் காலை நீட்டினார்.